முள்ளுக்காட்டில் ஸ்டாக் எடுப்பு

"தேவாங்கு மாதிரி முழிக்கிறான் பாரு!"

ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக, பேந்தப் பேந்த விழிக்கிற ஆளைக் கண்டால் நம்மவர்கள் வாயில் சட்டென்று வருகிற வசனம் இது. என் பள்ளிக்கூட வகுப்பிலேயே ரெண்டு 'தேவாங்கு'கள் இருந்தார்கள். ஒருவர் இன்று பேங்க் மேனேஜர். இன்னொருவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் விட வசதியாக இருக்கிறார்.

அப்படித் திட்டின எத்தனை பேர் நிஜத் தேவாங்கைப் பார்த்திருப்பார்கள்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் ஏறினால், வடமதுரை தாண்டி அய்யலூர். முக்கால் மணி நேரம். அந்த ஊரைச் சுற்றியுள்ள முள்ளுக்காட்டில்தான் அந்த ஜீவன் குடியிருக்கிறது. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியற்காலையில் அய்யலூருக்கு ஓடுகிற வியாபாரிகள், அதன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்கள் வருகிற நேரத்துக்கு அது வேலை முடித்துத் தூங்கப் போயிருக்கும்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். கால் கிலோ சொச்சம் எடை. வால் கிடையாது. குச்சி குச்சியாகக் கை கால். முகத்தில் பாதி இடத்தைக் கண்ணே பிடித்துக்கொள்ளும். குரங்கினத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் குரங்குச் சேட்டை கிடையாது. ராத்திரி முழுக்கக் கிளை கிளையாக நிதானமாக நடந்து பூச்சி பிடித்துச் சாப்பிடும். பயிரைக் கெடுக்கிற பூச்சிகளையும் தின்பதால் விவசாயிக்கு நண்பன் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது.

2022 அக்டோபரில் தமிழக அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று அறிவித்தது. ஏக்கரில் சொன்னால் சுமார் 29 ஆயிரம். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம். வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களின் காடுகள் அதில் அடக்கம். திண்டுக்கல்லைச் சேர்ந்த 'சீட்ஸ்' தொண்டு நிறுவனம் மாதிரி சிலர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

சந்தோஷமான செய்திதான். எனக்கு இதில் வேலை வந்தது என் அக்கா மகள் மூலமாக.

*

பாப்பா பி.காம். இரண்டாம் வருஷம். (எங்கள் குடும்பத்தில் பி.காம். ஒரு பரம்பரை வியாதி. நானும் அதே கேஸ்தான்.) கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறாள். ஒருநாள் ராத்திரி போன் செய்தாள்.

"மாமா, இந்த வருஷம் கேம்ப் அய்யலூர்ப் பக்கம். தேவாங்குக்காக ஏதாவது செய்யலாம்னு சார் சொல்றாரு. என்ன செய்யலாம்?"

"சார் என்ன சொல்றாரு?"

"புதரை எல்லாம் வெட்டிக் க்ளீன் பண்ணிட்டு, நூறு மரக்கன்னு நடலாம்ங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வருத்தமும் வந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். மாணவர் சேவை என்றால் மண்வெட்டி, மரக்கன்று, பேனர், போட்டோ என்று நாட்டிலேயே ஒரு வழக்கம் ஆகிவிட்டது. போன வருஷம் நட்ட குழியிலேயே இந்த வருஷமும் நடுவார்கள். குழி தோண்டுகிற செலவு மிச்சம்!

ஆரம்பம் அப்படி இல்லை. நம் மாவட்டத்துக்கு இதில் நல்ல பூர்வீகம் உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1956-ல் கிராமியக் கல்லூரி வந்தது, இன்று பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களைச் 'சாந்தி சேனை' என்று அணி திரட்டிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். போன மாணவர்கள் அங்கேயே சில நாள் தங்கி, ஊரின் குடிநீர், வருமானம், வியாதி எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு வரவேண்டும். முதலில் ஊரைத் தெரிந்துகொள், அப்புறம் உதவி செய் என்பது அந்த ஏற்பாடு.

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. நாம் என்.எஸ்.எஸ். என்று கூப்பிடுவது அதைத்தான். 1962-ல் திண்டுக்கல் எம்.பி.யாகி மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்த சௌந்தரம் அம்மையாருக்கு அந்தத் திட்டம் உருவானதில் பங்கு உண்டு என்பார்கள். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம் என்பது கணக்கு. யோசித்துப் பாருங்கள்... ஒரு மாணவியின் 240 மணி நேரம் என்பது சின்னச் சொத்தா?

*

புதரை வெட்டினால் என்ன தப்பு என்று பாப்பா கேட்டாள். நியாயமான கேள்வி.

மாணவர்கள் புதர் வெட்டியே பேர் வாங்கிய ஊரும் உண்டு. இங்கிலாந்தில் 1959-ல் 'கன்சர்வேஷன் கோர்' என்று ஒரு தொண்டர் படை தொடங்கினார்கள். லண்டனுக்குத் தெற்கே பாக்ஸ் ஹில் என்ற குன்றில்தான் அவர்களுடைய முதல் வேலை. சுண்ணாம்புப் பாறை மேலே இருக்கும் புல்வெளி அது. ஆடு மேய்ச்சல் குறைந்து புதர் மண்டி, புல்லும் அதில் பூக்கிற சின்னச் சின்னச் செடிகளும் அழிந்துகொண்டிருந்தன. அதனால் போய்ப் புதரை வெட்டினார்கள். பிற்பாடு டி.வி.யில் செடிகொடி பற்றிப் பேசிப் பேசியே பிரபலமான டேவிட் பெல்லமி அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த மண்ணுக்கு அது சரியான வேலை.

அதே அரிவாளை எடுத்துக்கொண்டு அய்யலூர் போனால், தேவாங்கு குடியிருக்கிற வீட்டையே இடித்த மாதிரி ஆகும். பகல் முழுக்க அது தூங்குவது முள்மரத்து அடர்த்திக்குள். வெள்வேல், உசிலை, கள்ளிப் புதர் என்று பார்க்க 'ஒன்றுமில்லாத' காடுதான் அதற்குப் பாதுகாப்பு. முள் இருப்பதால் ஆள் கை வைப்பதில்லை. கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது தரைக்கு இறங்காமல் நடக்க முடியும். நடுவில் நாலு புதரை வெட்டிவிட்டால் அது தரையில் இறங்கித்தான் போகவேண்டும். தரையில் நாய் இருக்கிறது. ரோடு குறுக்கே வந்தால் லாரி இருக்கிறது.

நம் மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், காடு என்றால் கொடைக்கானல், சிறுமலை என்பார்கள். பச்சைப்பசேல் என்று, பனி மூட்டத்தோடு இருக்கவேண்டும். வடமதுரை, வேடசந்தூர், அய்யலூர்ப் பக்கம் இருப்பது 'பொட்டக்காடு', 'தரிசு'. இந்த வார்த்தைகள் செய்த கெடுதலை எந்த அரிவாளும் செய்ததில்லை.

பச்சையாக இருந்தால் நல்லது என்கிற நம்பிக்கை மலை மேலேயும் நம்மை ஏமாற்றியிருக்கிறது. பழனி மலை உச்சியில் சோலையும் புல்வெளியும் மாறி மாறி இருக்கும். மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிவைத்து, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற இடம் அது. அந்தப் புல்லைச் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழுக்காக யூகலிப்டஸ், கூடவே பைன் என்று வைத்துத் தள்ளினார்கள். வாட்டில் இன்று யாரும் வைக்காமலே பரவிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அது மரம் வெட்டின கதை இல்லை. மரம் நட்ட கதை! 1985-ல் கொடைக்கானலில் தொடங்கிய பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் போன்ற அமைப்புகள் அந்த மலைக்காகப் பல வருஷமாகப் போராடுகின்றன.

2017-ல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது ஞாபகம் இருக்கும். ஊர் ஊராகக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சீமைக் கருவேலம் எது, நாட்டுக் கருவேலம் எது, உடைமரம் எது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

*

"அப்போ நாங்க என்னதான் மாமா செய்யறது?"

"எண்ணுங்க."

"எதை?"

"தேவாங்கை."

அவள் ஜோக் என்று நினைத்தாள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாணவியின் கதையைச் சொன்னேன். அன்னா நெகாரிஸ் என்று பெயர். அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (அமெரிக்கத் தலைநகரில் அல்ல, செயின்ட் லூயிஸ் நகரில் இருப்பது) பிஎச்.டி. மாணவி. 1997, 98-ல் பத்து மாதத்துக்கு மேல் அய்யலூர்க் காட்டில், ராத்திரி ராத்திரியாகத் தேவாங்கு பின்னாலேயே நடந்தார். தேவாங்கு தனிமை விரும்பி, யாரோடும் சேராது என்று அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். அவர் பார்த்தது வேறு. பகலில் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு கும்பலாகத் தூங்குகின்றன. ராத்திரியிலும் ஒன்றை ஒன்று தேடிப் போய்ப் பழகுகின்றன. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும், சாயங்காலம் தாய் அதை ஒரு கிளையில் 'பார்க்' செய்துவிட்டு இரை தேடப் போகிறது. சாப்பாட்டில் நூற்றுக்கு 96 பங்கு பூச்சி போன்ற சிறு பிராணிகள். எறும்பும் கரையானும் அதில் நிறைய. நம் வீட்டு வாசலில் நடப்பதை, கண்டம் தாண்டி வந்த ஒரு மாணவி எழுதி உலகம் படித்தது. அவர் பிற்பாடு இங்கிலாந்தில் பேராசிரியர் ஆனார்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மார்ச் 31-ம் தேதி ஸ்டாக் எடுத்தே ஆகவேண்டும். குடோனில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று தெரியாமல் லாபம், நஷ்டம் பேச முடியாது. காட்டுக்கும் அதேதான். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, போன தடவைக்கு இப்போது கூடியதா, குறைந்ததா? சரணாலயம் என்று போர்டு வைத்தாயிற்று. போர்டு வைத்ததால் பலன் உண்டா என்று பத்து வருஷம் கழித்துச் சொல்ல, யாராவது வருஷா வருஷம் ஒரே வழியில், ஒரே முறையில் நடந்து எண்ணியிருக்க வேண்டும். அதற்கு ஆள் நிறைய வேண்டும். பொறுமையான ஆள். கல்லூரிகளில் இருப்பது அதுதானே?

பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரியா மாமா?" என்றாள். பிரச்சினை அங்கேதான் இருந்தது.

*

மறுநாள் அக்காவே போன்.

"ஏன்டா தம்பி, உனக்கே இது நல்லா இருக்கா? வயசுப் புள்ளயை ராத்திரில காட்டுக்குப் போகச் சொல்றியாமே. அதுவும் தேவாங்கு பாக்க! அதைப் பாத்தாலே ஆகாதுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

'ஆகாது' என்ற இந்த வார்த்தையால்தான் தேவாங்கு இத்தனை காலம் அடிபட்டது. அபசகுனம் என்று விரட்டியவர்கள் ஒரு பக்கம். மாந்திரீகத்துக்கும், நாட்டு மருந்து என்ற பெயரில் அதன் கண்ணுக்காகவும் பிடித்தவர்கள் இன்னொரு பக்கம். வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது மூன்று வருஷம் உள்ளே இருக்கவேண்டும்.

சகுனத்தை விட்டுவிடலாம். அக்காவின் மற்ற பயத்தை நான் தள்ளவில்லை. சேவை, வாலன்டியர் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வாசலில் வந்து நின்று பதில் சொல்லவேண்டும். யார் கூட்டிக்கொண்டு போவது? எத்தனை மணிக்குத் திரும்புவது? பெண் ஆசிரியர் யாராவது வருகிறாரா? பாத்ரூம் எங்கே? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பாதிப் பெற்றோர் சம்மதிப்பார்கள். கல்லூரி எழுதிக் கொடுத்தது. வனத்துறையின் அனுமதி வந்தது. (சரணாலயத்துக்குள் அது இல்லாமல் போகவே கூடாது. ஆர்வக்கோளாறில் டார்ச்சோடு கிளம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) ஒன்பது பெண்கள், ஒரு மேடம், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், வனக் காவலர் ஒருவர். அக்காவின் சமாதானத்துக்காக நான். என் மச்சான் ஹார்டுவேர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, "சும்மா துணைக்கு" என்று அவரும் வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

தலையில் கட்டிய லைட்டுக்கு மேலே சிவப்புக் கண்ணாடித் தாள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இருட்டில் அது நம் பக்கம் திரும்பினால் இரண்டு கண்ணும் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும். அதைத்தான் தேடவேண்டும். நடை ரொம்ப மெதுவாக இருக்கவேண்டும். சென்ட், பேச்சு, செல்போன் மூன்றும் கூடாது. போகும்போது எண்ணியதைத் திரும்பும்போது எண்ணக்கூடாது. பார்த்த நேரம், மரம், தரையிலிருந்து எத்தனை அடி, ஒன்றா இரண்டா, இதையெல்லாம் எழுதவேண்டும். கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கு வரும்.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "சார், ஒண்ணும் இல்லேன்னா என்ன எழுதறது?"

"பூஜ்யம்னு எழுதும்மா."

பூஜ்யமும் ஒரு எண்ட்ரிதான். ஆடிட் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிற கைகளை நம்மூரில் எத்தனை ஆபீசில் பார்த்திருக்கிறோம்? ஒன்பது பேரும் நேரத்தையும் இடத்தையும் எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போட்டார்கள்.

அப்புறம் உள்ளூர்க்காரர் நின்றார். விரலை நீட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். உசிலை மரத்தில் பத்தடி உயரத்தில் இரண்டு நெருப்புப் பொட்டு. எங்களைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில் வைத்தது. அப்புறம் ஒரு காலை எடுத்து வைத்தது. எல்.ஐ.சி. பாலிசி பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற பெரியவர் மாதிரி அவ்வளவு நிதானம். ஒரு இலையின் பின்பக்கத்திலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. பாப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பெண் அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு மொத்தம் மூன்று.

*

இதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பெயர் கொடுத்து வராமல் போன பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் சனி, ஞாயிறு வேலை. ஷிப்டை விட்டால் பரீட்சை பீஸ் கட்ட முடியாது. இன்னொருத்திக்குக் கடைசி டவுன் பஸ் எட்டரைக்கு. அதற்கப்புறம் ஊருக்குப் போக வழியில்லை. காட்டைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளே இவர்கள்தான். எது கருவேலம், எது உடை என்று கேட்காமலே சொல்லக்கூடியவர்களும் இவர்கள்தான். சேவைக்கு வருகிறவர்களிடம் காசு பேசக்கூடாது என்பது சொந்த பைக் உள்ளவர்களின் தத்துவம். பஸ் சார்ஜ், ராத்திரிச் சாப்பாடு, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வேன். இந்த மூன்றையும் ஏற்பாடு செய்யாத எந்த அமைப்பும், டவுன் பிள்ளைகளை வைத்துத்தான் கிராமத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். பேனர் செலவை மிச்சம் பிடித்தாலே பாதிச் செலவு தேறும்.

ராத்திரி வரமுடியாதவர்களுக்குப் பகலிலும் வேலை உண்டு. தினமும் பஸ்ஸிலோ சைக்கிளிலோ ஒரே ரோட்டில் வருகிற பெண், எந்த இடத்தில் எந்தப் பிராணி அடிபட்டுக் கிடந்தது என்று தேதி போட்டு எழுதிவைத்தால், ஒரு வருஷத்தில் அதுவே ஒரு வரைபடம். எந்த இடத்தில் மரக்கிளைகளை வெட்டாமல் விடவேண்டும் என்று அது சொல்லும். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் லீவு நாட்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். கால் மணி நேரம் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும். வனத்துறை நடத்துகிற பறவைக் கணக்கெடுப்புகளுக்கும் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்துக்குக் கல்லூரி மூலமாக ஒரு கடிதம் போட்டால் விவரம் கிடைக்கும். தேவாங்கைப் பார்த்தால் மட்டும் எந்த மரம், எந்த வளைவு என்று போட்டோவோடு ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். நல்லவர்கள் மட்டுமே செல்போன் வைத்திருக்கவில்லை.

மரக்கன்றுத் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சார் அதை விடவில்லை. அய்யலூரில் நடாமல், கல்லூரி காம்பவுண்டுக்குள்ளேயே இருபது வேம்பும் புங்கனும் வைத்தார். தண்ணீர் ஊற்ற முறை போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். பாப்பாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

அடுத்த ராத்திரிக் கணக்குக்கு இதுவரை பதினாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மில்லுக்குப் போகிற பெண்ணும் அதில் ஒருத்தி; சூபர்வைசரிடம் பேசி ஷிப்ட் மாற்றிக்கொண்டாளாம். வேன்காரர் ராத்திரி வெயிட்டிங்குக்குத் தனியாகக் கேட்கிறார். மச்சான் அவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.